லாஃப்ட் குளிரட்டும், விடுங்கள்!

லண்டனில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் சேர்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம். முதலில் கிராமர் ஸ்கூல். அப்புறம் மார்ட்கேஜ் வட்டி. பிரியாணி முடிந்து கேசரி வருவதற்குள் "உங்க வீட்ல லாஃப்ட் பண்ணியாச்சா?" வந்துவிடும். என்ன பண்ணினீர்கள் என்று கேட்டால் ஒருத்தர் ரூம் கட்டியிருப்பார். ஒருத்தர் பலகை அடித்து ஏர் இந்தியா சூட்கேஸ்களை அடுக்கியிருப்பார். இன்னொருத்தர் ஏதோ நுரையை அடித்து இண்டு இடுக்கில்லாமல் மூடியிருப்பார். மூணு பேருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. லாஃப்ட் கதகதப்பாக, காத்துப் புகாமல் இருந்தால் வீட்டுக்கு நல்லது என்பதுதான் அது.

இந்தப் பதிவு அந்த நம்பிக்கைக்கு எதிர்க்கட்சி. ரூமாக மாற்றாத பழைய வீட்டு லாஃப்ட் குளிராகத்தான் இருக்க வேண்டும். அங்கே காத்து அடிக்க வேண்டும். அதைச் சூடாக்குகிறேன், சீல் வைக்கிறேன் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிட்டு, ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு நீங்களே மேலே ஏறிப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கட்டட இன்ஜினியர் கிடையாது. பொட்டி தட்டுகிற ஆசாமி. 1930களில் கட்டிய ஒரு செமி வீட்டில் குடியிருக்கிறேன். வருஷத்துக்கு ரெண்டு தரம் மேலே ஏறிப் பார்ப்பது பழக்கம். (தங்கமணி இதை "மாடிக்குத் தவம் பண்ணப் போயிருக்கார்" என்று போனில் ஊருக்குச் சொல்வார்.)

பரண் வேறு, லாஃப்ட் வேறு

குழப்பமே பேரில்தான் ஆரம்பிக்கிறது. நம்மூரில் லாஃப்ட் என்றால் சமையலறைச் சுவரில் ஏழடி உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காங்கிரீட் பலகை. பழைய கொலுப்பெட்டி, பித்தளை அண்டா, யாரும் திரும்பப் படிக்காத கல்லூரிப் புத்தகங்கள். அது அறைக்குள்ளேயே இருக்கிற இடம்.

இங்கிலாந்து லாஃப்ட் அப்படியில்லை. மாடி அறையின் சீலிங்குக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோண வெற்றிடம். கணக்குப்படி அது வீட்டுக்கு வெளியே. குடைக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடைக்குள் காத்து வருகிறதே என்று யாராவது அடைப்பார்களா?

ரெண்டு உலகப் போர்களுக்கு நடுவில், 1919க்கும் 1939க்கும் இடையில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 40 லட்சம் வீடுகள் கட்டினார்கள். ஹாரோ, வெம்பிளி பக்கம் நம்மாட்கள் வாங்கிக் குடியிருக்கும் செமிகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் தெருக்கணக்கு. கைமரம், குறுக்கே ரீப்பர், மேலே ஓடு. நம்மூர் ஓட்டு வீடு மாதிரியேதான். ஓட்டுக்கு அடியில் பல வீடுகளில் ஒன்றுமே கிடையாது. சிலதில் ஓட்டின் அடிப்பக்கம் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். ஓட்டிடுக்கு வழியாகக் காத்து சர்வசாதாரணமாக வந்து போகும். இன்சுலேஷன் என்ற சமாச்சாரமே அப்போது இல்லை. அந்த மரங்கள் இத்தனை வருஷம் உளுத்துப் போகாமல் நிற்பதற்கு அந்தக் காத்துதான் காரணம்.

ஈரம் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை

லாஃப்டில் ஈரம் என்றால் எல்லாரும் ஓட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கீழே இருக்கிறான். ஒரு குடும்பம் மூச்சு விட்டு, குளித்து, சமைத்து, துணி காயப்போட்டு ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரைக் காத்தில் கலக்கிறது. நம்ம வீட்டுச் சமையலை யோசியுங்கள். இட்லிப் பானை ஆவி, சோறு வடிக்கிற ஆவி, ரசம் கொதிக்கிற ஆவி. டிசம்பரில் ஜன்னலையும் திறக்க மாட்டோம். ரேடியேட்டர் மேல் ஜீன்ஸ் காயும்.

அந்த ஈரக்காத்து சூடாக இருப்பதால் மேலே போகும். லைட் பொருத்திய ஓட்டை, பைப் போகிற ஓட்டை, லாஃப்ட் கதவின் இடுக்கு எல்லாமே அதற்கு வழி. மேலே போய்க் குளிர்ந்த ஓட்டையும் ஆணியையும் தொட்டதும் தண்ணீராகிவிடும். ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வேர்க்கிற அதே கதைதான். லாஃப்டில் காத்தோட்டம் இருந்தால் ஈரம் தங்காமல் வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் மரத்திலேயே உட்காரும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இதில் ஒரு விசித்திரம். லாஃப்ட் தரையில் நல்லா இன்சுலேஷன் போட்டால் கீழ் வீடு சூடாகும், லாஃப்ட் முன்னைவிடக் குளிரும். ஆக, ஈரம் படியும் வாய்ப்பும் கூடும். அதனால்தான் இன்சுலேஷனையும் காத்தோட்டத்தையும் ஜோடியாகத்தான் யோசிக்கணும். ஒன்றை மட்டும் செய்தால் வம்பு.

ஏறிப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?

குளிர்காலத்தில், காலை நேரத்தில் ஏறுங்கள். வண்டவாளமெல்லாம் அப்போதுதான் தெரியும். மாஸ்க், கையுறை, தலையில் கட்டுகிற டார்ச் வேண்டும். மரச்சட்டங்களின் மேல் அகலமான பலகை போட்டு அதில்தான் கால் வைக்கணும். நடுவில் வைத்தால் கீழே படுக்கையறையில் உங்கள் கால் மட்டும் தொங்கும்.

1. முதலில் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் ரெண்டு நிமிஷம் உட்காருங்கள். கூரை விளிம்பில், அதாவது நம்மூர் இறவாணத்தில், கோடாக வெளிச்சம் தெரிந்தால் நல்ல சேதி, காத்து வருகிறது. நடுக்கூரையில் திட்டாக வெளிச்சம் தெரிந்தால் ஓடு நகர்ந்திருக்கலாம்.

2. ஓட்டு ஆணிகளின் நுனியைப் பாருங்கள். நீர்த்துளி, உறைபனி, துரு இருக்கிறதா? மரத்தில் கறுப்புப் புள்ளிகள் உண்டா? கூரை முழுக்கப் பரவலாக இருந்தால் கீழேயிருந்து வரும் ஆவி. ஒரே இடத்தில் கறையாக இருந்தால் மழை ஒழுகல். இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

3. பாத்ரூம் ஃபேன், கிச்சன் ஃபேன் குழாய்கள் எங்கே முடிகின்றன என்று கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வெளியே போகணும். லாஃப்டுக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு கிடந்தால், தினமும் உங்கள் குளியல் ஆவியைக் கைமரத்துக்குக் காட்டுகிறீர்கள்.

4. புகைபோக்கி. கீழே ஹாலில் இடம் பெரிசாகட்டும் என்று பழைய ஓனர் கணப்படுப்புச் சுவரை இடித்திருப்பார். மேலே டன் கணக்கில் செங்கல் அப்படியே நிற்கும். அதை எது தாங்குகிறது? இரும்பு உத்தரமா, ரெண்டு முட்டுக்கட்டையா, சாமியா? இதற்கு முறையான கட்டட அனுமதி வாங்கிய காகிதம் இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டிய முதல் இடம் இதுதான்.

5. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் சுவர் ஓடு வரைக்கும் போகிறதா? விக்டோரியா காலத்து வரிசை வீடுகள் சிலவற்றில் லாஃப்டில் சுவரே இருக்காது. தீப்பிடித்தால் புகையும் நெருப்பும் தெருவோடு நடந்து போகும்.

6. ஒயர்கள். ரப்பர் உறை போட்ட பழைய ஒயர் நொறுங்கிப் போயிருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை எதையும் நகர்த்த வேண்டாம். ஷவருக்குப் போகிற தடிமனான ஒயரைப் பஞ்சுக்குள் புதைக்கக் கூடாது, சூடேறும். சீலிங்கில் பதித்த பழைய ஹாலஜன் லைட் மேல் பஞ்சைப் போட்டு மூடுவது தீக்கு அழைப்பிதழ்.

7. மரத்தில் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஓட்டைகள். பூச்சி அரித்த தடம். பழைய ஓட்டைகள் எல்லாப் பழைய வீட்டிலும் இருக்கும். பக்கத்தில் புதுசாக மரத்தூள் கொட்டிக் கிடந்தால்தான் கவலைப்படணும்.

8. கடைசி, ஆனால் முக்கியம்: ஆஸ்பெஸ்டாஸ். பிரிட்டனில் 1999இல்தான் முழுசாகத் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய தண்ணீர்த் தொட்டி, புகைக்குழாய், பைப் மேல் சுற்றிய உறை எதிலும் இருக்கலாம். சட்டங்களுக்கு நடுவில் சாம்பல்-தங்க நிறத்தில், பொரி மாதிரி லேசான துகள்கள் கொட்டியிருந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து 1990 வரை வெட்டியெடுத்த வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. உங்கள் வீட்டில் இருப்பது எந்த ஊர்ச் சரக்கு என்று பார்வையில் தெரியாது. தொடாதீர்கள், பெருக்காதீர்கள், வேக்யூம் போடாதீர்கள். முறையாகச் சாம்பிள் எடுத்து லேபில் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது?

வரிசைதான் முக்கியம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில் ஆவியைக் கீழேயே நிறுத்துங்கள். ஃபேன் குழாயை ஓட்டு வழியாகவோ சுவர் வழியாகவோ வெளியே விடுங்கள். சீலிங் ஓட்டைகளை அடையுங்கள். லாஃப்ட் கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டுங்கள். அடைக்க வேண்டிய இடம் சீலிங், கூரை இல்லை. கடுகு தாளிக்கும்போது கிச்சன் ஃபேனைப் போடுங்கள், இட்லி வேகும்போதும்.

ரெண்டாவது, காத்து. விளிம்பில் பழைய பஞ்சு, எலிக்கூடு, தூசி எது அடைத்திருந்தாலும் எடுங்கள். பிற்காலத்தில் ஓடு மாற்றியபோது அடியில் தார்த்தாள் விரித்திருந்தால் காத்து குறைந்திருக்கும். தாள் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடங்களில் செருகுவதற்கு லேப் வென்ட் என்று ஒரு பிளாஸ்டிக் சாமான் கிடைக்கிறது. ஓடு எதையும் பிரிக்காமல் உள்ளேயிருந்தே செருகிவிடலாம்.

மூணாவதுதான் பஞ்சு. இன்சுலேஷன் இல்லாத வீட்டில் சூட்டில் சுமார் கால்வாசி கூரை வழியாகத்தான் போகிறது. கண்ணாடிப் பஞ்சு என்றால் இப்போது பரிந்துரைக்கும் கனம் 270 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் சட்டங்களுக்கு நடுவில், மீதி 170 குறுக்காக மேலே. விளிம்பில் மட்டும் 50 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், காத்து அந்த வழியாகத்தான் வரணும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் மேலும் பக்கவாட்டிலும் போர்த்துங்கள், அடியில் போடாதீர்கள். கீழ் வீட்டுச் சூடு கொஞ்சம் ஏறினால்தான் பனியில் தொட்டி உறையாது. பைப்புகளுக்கு உறை மாட்டுங்கள்.

சூட்கேஸ் பிரச்சனை? பலகையை நேரடியாகப் பஞ்சு மேல் வைத்து அமுக்கினால் பஞ்சு வேலை செய்யாது, அதற்குள் சிறைபட்ட காத்துதான் சூட்டைத் தடுக்கிறது. உயரமான பிளாஸ்டிக் கால்கள் வைத்து அதன் மேல் பலகை போடலாம். ஆனால் கனம் பாருங்கள். சேமிப்புக்கான லாஃப்டுக்கு டிசைன் கணக்கு சதுர மீட்டருக்கு 25 கிலோதான். ஆள் நடமாடும் அறைக்கு 150 கிலோ. ஆறு மடங்கு வித்தியாசம். லாஃப்டை ரூமாக்கணும் என்றால் புதுச் சட்டங்கள், படிக்கட்டு, தீப் பாதுகாப்பு, கட்டட விதிமுறை ஒப்புதல் என்று அது தனி வேலை. அதைத் தப்பென்று சொல்லவில்லை. பலகை அடித்து வெல்க்ஸ் ஜன்னல் வைத்துவிட்டு "இன்னொரு பெட்ரூம்" என்று உறவுக்காரரைப் படுக்க வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நுரைக்காரர்கள்

இதற்காகத்தான் இந்தப் பதிவே. பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். 80களில் வந்தவர், எழுபதைத் தாண்டியவர். போன குளிர்காலத்தில் கடையில் பார்த்தபோது கையில் ஒரு பளபளா நோட்டீஸ்.

"தம்பி, உவங்கள் மேல ஏறிப் பாத்துப்போட்டு, கூரை முழுக்க ஈரமாம், ஃபோம் அடிக்காட்டி மரமெல்லாம் உக்கிப் போயிடுமாம் எண்டு சொல்லுறாங்கள். இண்டைக்கே சைன் வச்சா அரைவிலையாம்."

"ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு சொன்னாங்களா, அங்கிள்?"

"அதை நான் கேக்கேல்லையே."

அன்று சாயந்திரமே ஏறினோம். ஈரம் நிஜம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் பாத்ரூம் ஃபேனின் குழாய் ஓட்டுத் துவாரத்திலிருந்து கழன்று விழுந்து, பஞ்சு மேல் பாம்பு மாதிரிக் கிடந்தது. திரும்ப மாட்டி ஒரு இரும்புப் பட்டி போட்டு இறுக்கினோம். விளிம்பில் அமுக்கி வைத்திருந்த பஞ்சைப் பின்னுக்கு இழுத்தோம். ஒரு மாசம் கழித்துப் பார்த்தபோது ஆணிகள் காய்ந்திருந்தன. செலவு, அந்தப் பட்டி மட்டும்தான். ஆன்ட்டி கொடுத்த கட்லட் வரவுக் கணக்கு.

ஃபோம் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓட்டின் அடியிலும் கைமரங்களுக்கு நடுவிலும் நுரையைப் பீய்ச்சுவார்கள், அது கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆவி வருகிற வழி அப்படியே இருக்க, வெளியே போகிற வழி மட்டும் மூடிவிடும். மரம் உள்ளே நன்றாக இருக்கிறதா, உளுத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. வீட்டை மதிப்பிட வரும் சர்வேயருக்கும் தெரியாது. அதனால்தான் ஃபோம் அடித்த கூரை என்றால் பிரிட்டனில் பல வங்கிகள் வீட்டுக் கடன் தர மறுக்கின்றன, அல்லது ஏகப்பட்ட காகிதம் கேட்கின்றன. வயதானவர்கள் வீட்டை வைத்துப் பணம் எடுக்கும் ஈக்விட்டி ரிலீஸில் இன்னும் கறார். விற்கணும் என்றால் ஆயிரக்கணக்கில் செலவழித்து நுரையைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சர்வேயர்களுக்கான ஆர்ஐசிஎஸ் அமைப்பு 2023இல் இதற்கென்றே வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது.

நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன். முறையாகச் சோதித்து, ஆவித்தடுப்பு, காத்தோட்டமெல்லாம் கணக்குப் போட்டு, எழுத்து ஆதாரத்தோடு அடித்த ஃபோமும் உண்டு. என் கோபம் அந்த வேதிப்பொருள் மேல் இல்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலேயே மருந்து விற்கிறவர்கள் மேல்தான். அவர்கள் தட்டும் கதவுகளைக் கவனித்தீர்களா? பெரும்பாலும் வயதானவர்கள் வீடு. ஏணியில் ஏறிப் பார்க்க முடியாதவர்கள், மீட்டரில் காட்டிய நம்பரை நம்புகிறவர்கள். நாற்பது வருஷம் ஷிஃப்ட் வேலை பார்த்துக் கடனை அடைத்த வீடு. அதை விற்க முடியாத பொருளாக்க ஒரு மத்தியானம் போதும்.

"அரசாங்கத் திட்டம்" என்று சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். 2020-21இல் இங்கிலாந்தில் வந்த கிரீன் ஹோம்ஸ் கிராண்ட் மானியத்திலேயே ஃபோம் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. மானியம் வந்ததால் வங்கி மனசு மாறிவிடவில்லை.

அப்புறம்?

நான் சொல்கிற வேலை எதுவும் பார்ட்டியில் பீற்றிக்கொள்ள உதவாது, ஒப்புக்கொள்கிறேன். "லாஃப்ட் பண்ணியாச்சா?" என்றால் "ஆமாங்க, குழாயை மாட்டி விளிம்புல பஞ்சைப் பின்னாடி இழுத்துட்டேன்" என்று சொன்னால் கேசரித் தட்டோடு அடுத்த சோஃபாவுக்குப் போய்விடுவார்கள். பரவாயில்லை.

இந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஏறிப் பாருங்கள். அப்பா அம்மாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ ஏணி ஏற முடியாதவர் என்றால் அவர் வீட்டிலும் ஏறுங்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் ஒப்பிட வசதி. யாராவது நோட்டீஸோடு வந்தால் அந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஈரம் எங்கேயிருந்து வருது?

உங்கள் வீட்டு லாஃப்டில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள் மக்களே.

கொசுறு: ஏறும்போது மூலையில் எலிப் புழுக்கை மாதிரி இருந்து, விரலால் நசுக்கினால் தூளாக உதிர்ந்தால் அது வௌவால். (கையுறையோடு நசுக்குங்க சாமி!) பிரிட்டனில் 1981ஆம் வருஷச் சட்டப்படி வௌவால்களையும் அவை தங்கும் இடத்தையும் தொந்தரவு செய்வது குற்றம், அவை ஊரில் இல்லாத சீசனிலும். வேலை ஆரம்பிக்கும் முன் பேட் கன்சர்வேஷன் டிரஸ்டின் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். பிப்பிஸ்ட்ரெல் என்கிற குட்டி வௌவாலின் எடை சுமார் 5 கிராம். ஒரே ராத்திரியில் 3,000 பூச்சிகள் வரை சாப்பிடுமாம். வாடகை தராவிட்டாலும் நல்ல குடித்தனக்காரர்.